தவழும் வேலை

கேமராவைக் கம்பத்தில் கட்டி முடித்ததும் யாராவது ஒருவர் அதன் முன்னால் தவழ்ந்து போக வேண்டும். அது சிறுத்தைகளைக் கணக்கெடுக்கும் அந்த முகாமின் வழக்கம். நிமிர்ந்து நடந்தால் கேமராவுக்கு மனிதனின் தொடைதான் தெரியும். சிறுத்தையின் உயரத்தில் ஒன்று கடந்து போகும்போது அது விழித்துக்கொள்கிறதா என்று பார்க்க, உள்ளங்கையும் முழங்காலும் மண்ணில் படத்தான் வேண்டும். சிவப்பு விளக்கு மினுக்கினால் சரி. மினுக்காவிட்டால் கேமராவைக் கொஞ்சம் இறக்கிக் கட்டி, மறுபடியும் தவழ வேண்டும்.

வந்த முதல் வாரத்திலேயே அந்த வேலை சின்னவள் தலையில் விழுந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. முழங்கால் தேய்ந்து ஒரே ஒரு பேன்ட் இடது பக்கம் மட்டும் கிழிந்தது. அதையே தவழும் பேன்ட் என்று ஒதுக்கி வைத்துவிட்டாள்.

"மெதுவாப் போம்மா. சிறுத்தை என்ன பஸ்ஸைப் பிடிக்கவா ஓடுது?" என்பார் டிரைவர், ஜீப் கதவில் சாய்ந்து பல் குத்தியபடி. "கொஞ்சம் ஒய்யாரமாப் போகணும். பக்கத்து வீட்டுக்காரி பாக்கறான்னு தெரிஞ்சா எப்படி நடப்ப, அப்படி."

நீங்க வந்து தவழ்ந்து காட்டுங்களேன் என்று அவள் நினைத்துக்கொள்வாள். நினைத்ததோடு சரி. சொற்கள் தொண்டைவரை வந்து, அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து, திரும்பிப் போய்விடும்.

முகாமில் அவளுக்கு 'மியூட்' என்று பெயர். அது நேர்காணலிலேயே ஒட்டிக்கொண்டது. கணினித் திரையில் மூன்று முகங்கள். அவள் பதில் சொல்லச் சொல்ல, மூன்று பேரும் மாறி மாறி, "நீங்க மியூட்ல இருக்கீங்க, மியூட்ல இருக்கீங்க" என்றார்கள். அவள் மியூட்டில் இல்லை. அவள் குரலே அவ்வளவுதான். பக்கத்தில் திரைக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்த அக்கா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "கத்துடி!" சின்னவள் கத்தினாள்: "எனக்கு வேட்டை விலங்குகளைப் பத்திப் படிக்கணும்!" கீழ்வீட்டு நாய் குரைத்தது. நடுத்திரையில் இருந்த நரைத்த கூந்தல்காரி விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தப் பொண்ணு வரட்டும்" என்றார். அவர்தான் மேடம். முகாமைத் தொடங்கியவர், நடத்துபவர், அதன் முகம்.

வீட்டில் அதற்குப் பிறகுதான் ரகளை. விலங்கியலில் பட்டம் வாங்கி வீட்டோடு இருந்தவளுக்கு அப்பா ஒரு தனியார் பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை பேசி வைத்திருந்தார். குடுவை கழுவும் வேலை. "கடல் தாண்டிப் போய்ச் சம்பளம் இல்லாம வேலை பாப்பாளாம்" என்றார் அக்கா வீட்டுக்காரர். "சிறுத்தையைத்தான் பாத்துக்கணும்னா எங்க அம்மா இங்கேயே இருக்காங்களே." அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து பல் துலக்கப் போனார், மாலை நேரம் என்பதையும் மறந்து.

அப்பாவைச் சம்மதிக்க வைத்ததும் அக்காதான். "சீசன் முடிஞ்சதும் ஒருத்தருக்கு அங்கேயே உதவியாளர் வேலை தருவாங்களாம்ப்பா. அது இவளுக்குக் கிடைக்கும். நான் சொல்றேன்ல."

"கிடைக்கலேன்னா?"

"கிடைக்கலேன்னா வந்து குடுவை கழுவுவா. நான் எதுவும் பேச மாட்டேன்."

அப்பா தலையாட்டினார். 'நான் அப்பவே சொன்னேன்' என்பதை அவர் அன்றே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டது சின்னவளுக்குத் தெரிந்தது.

முகாம் என்பது தகரக் கூரை போட்ட நான்கு அறைகள், ஒரு சமையல் கொட்டகை, ஜீப் நிற்கும் வெளி. மேற்கே குன்று, கீழே ஆறு, நடுவே முட்புதர்ச் சரிவு. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்த அறையில் இரண்டு திரைகள். அங்கேதான் அவளுடைய பகல் பொழுதுகள் கழிந்தன. கேமராக்களிலிருந்து எடுத்துவந்த மெமரி கார்டுகளைச் செருகி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். காற்றில் ஆடும் புல். புல். ஆடு. புல். ஆட்டுக்காரரின் கால். புல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால், எப்போதாவது ஒரு சிறுத்தை.

சிறுத்தைக்குச் சிறுத்தை புள்ளிகள் வேறு. நம் கைரேகை மாதிரி. புள்ளிகளை ஒப்பிட ஒரு மென்பொருள் இருந்தது. அதை எல்லாரும் மெஷின் என்பார்கள். படத்தைக் கொடுத்தால், பழைய படங்களோடு ஒத்துப் பார்த்து, தெரிந்த விலங்கா, புதியதா என்று சொல்லும். புதியது என்றால், முதலில் பார்த்தவர் பெயர் வைக்கலாம்.

சின்னவள் இரண்டு பெயர் வைத்தாள். குன்றுப் பாதைக் கேமராவில் முதலில் ஒரு பெண் சிறுத்தை விழுந்தது. தோளிலிருந்து தொடைவரை புள்ளிகள் அழுத்தமாக, யாரையும் சட்டை செய்யாத நடை. வீட்டு நினைப்பு அதிகமாக இருந்த நாள் அது. 'அக்கா' என்று தட்டினாள். பின்னால் ஓடைப் பாதைக் கேமராவில் இன்னொன்று விழுந்தது. அதன் புள்ளிகள் வேறு. தலையைத் தாழ்த்தி, ஒதுங்கினாற்போல் ஒரு நடை. 'தங்கச்சி.'

அன்று சாப்பாட்டு மேசையில் மேடம் எழுந்து நின்று கைதட்டினார். "பல வருஷமா இந்தப் பள்ளத்தாக்குல ஒரு பெண் சிறுத்தை நிலைக்கலை. இப்ப ரெண்டு! வாயே திறக்காத பொண்ணு ரெண்டு ராணியைப் புடிச்சுட்டு வந்திருக்கா." எல்லாரும் தட்டினார்கள். டிரோன் என்று அழைக்கப்பட்ட பையன் மேசையையே தட்டினான். அவனும் தன்னார்வலன்தான். பறக்கும் கேமரா சொந்தமாக வைத்திருந்ததால் அந்தப் பெயர். சின்னவள் காது சிவந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அக்காவிடம் தொலைபேசியில் அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"உன் பேரை ஒரு சிறுத்தைக்கு வெச்சிருக்கேன்."

"அடிப்பாவி. குண்டா இருக்குமா?"

"இல்ல. திமிரா இருக்கு."

"அப்ப சரிதான். வேலை உனக்குத்தான்னு சொல்லு."

கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகியிருந்தது. மேடம் அவளைக் 'கண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். ஒரு மதியம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "சீசன் முடிஞ்சு எங்கேயும் ஓடிடாத கண்ணு, உன்கிட்ட பேசணும்" என்றார்.

சில வாரங்களில் குன்றுப் பாதையில் அக்கா மறுபடி வந்தாள். பின்னால் பூனையளவில் இரண்டு குட்டிகள். முகாமே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. தங்கச்சியின் படங்களில் குட்டி எதுவும் இல்லை. அவளுக்கு இன்னும் வயது வரவில்லை போலும் என்று மேடம் குறித்தார்.

அதன் பிறகுதான் கூண்டுப் பேச்சு வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் வேலி போட்ட ஒரு பெரிய காப்பகம். பணக்காரர்களுடையது. அங்கே இனப்பெருக்கத்துக்கு ஒரு பெண் சிறுத்தை கேட்டிருந்தார்கள். வனத்துறையின் விதி எளிமையானது. ஓர் இடத்தில் ஒரே ஒரு பெண் விலங்கு இருந்தால் அதன் மயிரைக்கூடத் தொடக்கூடாது. இரண்டு இருந்தால், குட்டி இல்லாததைக் கொடுக்கலாம். பதிலுக்கு அந்தக் காப்பகம் இந்த முகாமைப் பல வருடம் தாங்கும். புதுக் கேமராக்கள் வரும். பழுதானவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, முன்போல் இடத்துக்கு இரண்டாக, பாதையின் இருபுறமும் எதிரெதிரே கட்டலாம். சென்ற மழையில் பாதிக் கேமராக்கள் கெட்டுப்போனதால் இந்த சீசனில் இடத்துக்கு ஒன்றுதான்.

"தங்கச்சி போகட்டும், அக்கா இருக்கட்டும்" என்றார் மேடம். "கல்யாணமாகிப் போற மாதிரிதான்."

எல்லாரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள்.

மெஷினை வைத்து விளையாடியது டிரோன்தான். வெயில் கொளுத்திய ஒரு மதியம், வேலை எதுவும் ஓடாமல், சின்னவள் தவழ்ந்த சோதனைப் படங்களை எல்லாம் திரட்டி மெஷினுக்குக் கொடுத்தான்.

"மியூட், இங்க வா, உன் ஜாதகம் பாத்திருக்கேன். ஓடைப் பாதைல தவழ்ந்தது யாரு?"

"நான்தான்."

"குன்றுப் பாதைல?"

"நான்தான்."

"பொய். மெஷின் சொல்லுது, அது வேற பொம்பளை!"

திரையில் இரண்டு சின்னவள்கள். குன்றுப் பாதையில் தவழ்பவளின் முழங்கால் கிழிந்திருந்தது. தலையில் கிளிப் இருந்தது. ஓடைப் பாதையில் தவழ்பவளின் பேன்ட் முழுசாக இருந்தது. கிளிப் இல்லை. சட்டைப்பையும் இல்லை. கீழே மெஷின் எழுதியிருந்தது: 'புதிய உயிர்.'

டிரைவர் எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்குமா நான் ஜீப் ஓட்டினேன்? சொல்லவே இல்லையே" என்றார். அறை அதிர்ந்தது. சின்னவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு படங்களையும் மறுபடி பார்த்தாள்.

கிளிப் இடது பக்கம். கிழிசல் இடது முழங்கால். சட்டைப்பை இடது மார்பு. குன்றுப் பாதைக் கேமரா அவளுடைய இடது பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறது. ஓடைப் பாதைக் கேமரா வலது பக்கத்தை மட்டும். ஒரே சிறுத்தைக்கும் இடது விலாப் புள்ளிகள் வேறு, வலது விலாப் புள்ளிகள் வேறு.

எல்லாரும் போனபின் அக்காவின் படங்களை வரிசையாக எடுத்தாள். அத்தனையும் இடது விலா. தங்கச்சியின் படங்கள் அத்தனையும் வலது விலா. அக்காவின் வலது பக்கத்தை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. தங்கச்சிக்கு இடது பக்கம் என்று ஒன்று இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. தேதிகளைப் பார்த்தாள். அக்கா குன்றிலிருந்து ஆற்றுக்கு இறங்குவது மாலையில். தங்கச்சி ஆற்றிலிருந்து குன்றுக்கு ஏறுவது விடியலில். அக்கா இறங்காத மாலைக்கு மறுநாள் விடியலில் தங்கச்சி ஏறவில்லை. ஒருத்திதான், குன்றுப் பாதையில் இறங்கி ஓடைப் பாதையில் ஏறுகிறவள். தண்ணீருக்குப் போகும்போது அக்கா, வீடு திரும்பும்போது தங்கச்சி. குட்டிகளைத் தண்ணீர்வரை கூட்டிப் போகமாட்டாள், பாதி வழியில் பாறைக்கு அடியில் விட்டுவிடுவாள். ஓடைப் படங்களில் குட்டிகள் இல்லாததற்கு அவ்வளவுதான் காரணம்.

இரண்டாக ஆக்கியது மெஷின் மட்டுமில்லை. பெயர் வைத்தவள் அவள்.

மேடத்தின் அறை வாசலில் அவள் நின்ற நேரத்தில் சமையல்காரர் இரண்டு முறை உள்ளே போய் வெளியே வந்துவிட்டார். மூன்றாம் முறை, "உள்ள போறதுன்னா போ, இல்லேன்னா இந்தத் தட்டையாவது புடி" என்றார். தட்டோடு உள்ளே போனாள்.

சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. மேடம் முழுதாகக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கடைசியில் முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்ல கேள்வி கண்ணு. கேள்வி கேக்கற ஆளுதான் எனக்கு வேணும். ஆனா இது யூகம். ரெண்டு பக்கமும் ஒரே நடைல விழுந்த படம் வேணும். ஸ்டோர்ல என் பழைய கேமரா ஒண்ணு இருக்கு. எடுத்துக்கோ. ஓடைல எதிர்ப்பக்கம் கட்டு."

அவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று சின்னவள் நினைக்கவில்லை. வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. கேமராவைத் தானே கட்டினாள், தானே தவழ்ந்தாள். இரண்டு விளக்குகளும் ஒன்றாக மினுக்கின.

"ஒரே சமயத்துல ரெண்டு போட்டோவா?" என்றார் டிரைவர். "பெரிய நடிகைதான் போ."

கேமராக்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தன. ஆனால் கார்டை எடுக்கப் போக ஜீப் கிடைக்கவில்லை. கூண்டு கொண்டுவர, எரிபொருள் வாங்க, விருந்தினர்களை அழைத்துவர என்று அது ஓடிக்கொண்டே இருந்தது. வனத்துறை அதிகாரியும் காப்பகத்து ஆட்களும் வந்து இறங்கிய காலையில்தான் அவள் கையில் கார்டு வந்தது. அன்று மாலை ஓடைப் பாதையில் கூண்டு வைப்பதாக இருந்தது.

விடியல் வெளிச்சம். ஒரே நொடி, இரண்டு கேமரா. ஒன்றில் தங்கச்சியின் வலது விலா. எதிரே இருந்ததில் அக்காவின் இடது விலா. அடிவயிற்றில் பால் கட்டித் தொங்கும் மடிக்காம்புகள்.

மேடம் அந்தப் படங்களை வெகுநேரம் பார்த்தார். பக்கத்து அறையில் விருந்தினர்களின் கோப்பைச் சத்தம் கேட்டது. பிறகு மேடம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நீ சொன்னது சரி" என்றார்.

சின்னவள் மூச்சை விட்டாள்.

"அடுத்த கட்டுரைக்கு இது ரொம்ப உதவும். உன் பேரையும் போடறேன்."

"மேடம், கூண்டு..."

"உக்காரு கண்ணு." மேடம் அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். "இப்ப நான் அந்த ரூம்ல போய் ரெண்டு இல்ல, ஒண்ணுதான்னு சொன்னா என்ன ஆகும்? இத்தனை வருஷமா நாம எண்ணினது எல்லாம் தப்பான்னு கேப்பாங்க. முகாமை மூடுவாங்க. மூடினா மறுநாளே ஆட்டுக்காரங்க விஷம் வைப்பாங்க. ஆண் சிறுத்தை, நரி, கழுதைப்புலி எல்லாம் போகும். ஒண்ணுக்காக எல்லாத்தையும் விடச் சொல்றியா?"

"குட்டி இருக்கு மேடம்."

"தெரியும்" என்றார் மேடம். கண் கலங்கித்தான் இருந்தது. அதுதான் சின்னவளைக் குழப்பியது. "தெரிஞ்சுதான் சொல்றேன். இதெல்லாம் சுமக்கறதுக்குப் பேருதான் பொறுப்பு. நாளைக்கு நீயும் இந்த நாற்காலில உக்காருவ. அப்பப் புரியும்."

கையை மெல்லத் தட்டிக் கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேடம் பக்கத்து அறைக்குப் போனார். போகும்போதே அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்டது.

சின்னவள் கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே இருந்தாள். அந்த வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எழுந்து போகாமல் இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்குத் தெரிந்த ஒரே கலை. அதற்குப் பரிசே தருகிறார்கள். அப்பாவின் சட்டைப்பை நினைவுக்கு வந்தது. பிறகு அந்த மடிக்காம்புகள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனாள்.

"சார்" என்றாள்.

யாரும் திரும்பவில்லை.

"சார்!"

அதிகாரி பிஸ்கட்டோடு திரும்பினார். நல்ல மனிதராகத் தெரிந்தார். "என்னம்மா?"

"ரெண்டு சிறுத்தை இல்ல சார். ஒண்ணுதான். பால் குடுக்கற தாய். இதைப் பாருங்க."

எல்லாருக்கும் கேட்டது. மியூட் என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு படங்களையும் அக்கறையாகத்தான் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு எல்லாச் சிறுத்தையும் ஒரே மாதிரிதாம்மா தெரியுது" என்றார்.

காப்பகத்து ஆட்கள் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார், அன்பாக. "புதுசா வந்த பொண்ணு. ரொம்ப ஆர்வம். அவ வெச்ச பேருதான் ரெண்டுமே. பிரிய மனசில்ல." சின்னவளின் தோளில் கை போட்டு அணைத்தார். "மெஷின் ரெண்டுன்னு சொல்லுது சார்."

"மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அதிகாரி. "உத்தரவும் போட்டாச்சு. அதுல ரெண்டுன்னுதான் இருக்கு."

மாலையில் அவள் டிரைவரிடம் போனாள். ஓடைவரை கூட்டிப் போங்கள், எதுவும் நுழைவதற்கு முன் கூண்டுக் கதவை நானே இறக்கி மூடிவிடுகிறேன், உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன் என்றாள். அவர் பல் குத்துவதை நிறுத்தினார். கேலி எதுவும் செய்யவில்லை.

"எனக்கு வீட்ல நாலு வயிறு இருக்கும்மா" என்றார். "நீ ஊருக்குப் போயிடுவ. நான் எங்க போவேன்?" அவள் திரும்பி நடந்ததும், "நடந்து போயிடாத. கூண்டுக்குள்ள கறி வெச்சிருக்கு. வாசனைக்கு எது வரும்னு யாருக்கும் தெரியாது" என்றார்.

அவள் போகவில்லை. பயந்தாள். பின்னால் எத்தனை முறை யோசித்தாலும் அதற்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

காலையில் கூண்டுக் கதவு விழுந்திருந்தது. மயக்க ஊசி போட்டு வெளியே கிடத்தினார்கள். கால்நடை மருத்துவர் அதை ஒரு பக்கம் கிடத்தி நெஞ்சில் குழல் வைத்தார். தங்கச்சி. பிறகு மறுபக்கம் புரட்டினார். அக்கா. தொடக்கூடிய தூரத்தில் ஒரே உடம்பாகக் கிடந்தது. மருத்துவர் அடிவயிற்றை அழுத்திப் பார்த்துக் கையை முகர்ந்தார்.

"பால் இருக்கே. விட்டுடலாமா?"

அதிகாரி எல்லைப் பக்கம் பார்த்தார். "வண்டி அங்க காத்துட்டு இருக்கு. உத்தரவுல பாலைப் பத்தி ஒண்ணும் இல்லையே."

மருத்துவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் சின்னவளைப் பார்க்காமல், "குட்டிங்களைத் தேடுங்க" என்றார்.

வண்டி போனது. குட்டிகளைத் தேடினார்கள். அதில் குறை சொல்ல முடியாது. மேடமே முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு தேடினார். டிரோனின் பறக்கும் கேமரா சில நாட்கள் கழித்துப் பாறை இடுக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. படத்தில் இரண்டு குட்டிகள் இருந்தன. உயிரோடு கிடைத்தது ஒன்று.

அந்தக் குட்டியால் முகாமின் அதிர்ஷ்டமே திரும்பியது. அதன் படம் எங்கெங்கோ போனது. தன்னார்வலராக வர விண்ணப்பங்கள் குவிந்தன. வார இறுதியில் பார்வையாளர்களை அனுமதித்தார்கள். சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் கம்பிவலை அடித்து, வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். 'தாய் கைவிட்ட குட்டி. இங்கே புது வாழ்வு பெறுகிறது.' விலங்குகளின் அட்டவணையில் தங்கச்சிக்கு நேரே 'காப்பகத்துக்கு அனுப்பப்பட்டது' என்றும், அக்காவுக்கு நேரே 'அண்மையில் தென்படவில்லை' என்றும் மேடம் எழுதினார்.

குட்டி வேறு யார் கையிலும் பால் குடிக்கவில்லை. டிரோன் முயன்று கையில் கீறல் வாங்கினான். சின்னவள் மடியில் வைத்துப் புட்டியைக் காட்டினால், முன்னங்கால்களால் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடிக் குடித்தது. அந்த நகங்கள் எதை நம்பிப் பற்றுகின்றன என்று நினைத்தால் அவளுக்கு வாயில் கசந்தது.

"உதவியாளர் வேலை உனக்குத்தான் கண்ணு" என்றார் மேடம். அன்று அறைக்குள் வந்து பேசியதை அவர் ஒரு முறைகூடக் குத்திக்காட்டவில்லை. மன்னித்துவிட்டார் போலிருந்தது. "நீ போனா இது செத்துடும். உனக்கே தெரியும்."

தெரியும். அதனால்தான் சரி என்றாள்.

அக்கா தொலைபேசியில் கூவினாள். "சொன்னேன்ல! அப்பா தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறார், தெரியுமா? அவரே யோசிச்சு உன்னை அனுப்பின மாதிரி! உங்க மாமா கேக்கறார், சிறுத்தைக்குப் பால் குடுக்கற கையால வந்து அவர் அம்மாவுக்கும் கொஞ்சம் குடுப்பாளான்னு. ஏய், என் சிறுத்தை எப்படி இருக்கு?"

"போயிடுச்சு."

"என்னது? கேக்கலை, சத்தமாப் பேசு."

"ஒண்ணும் இல்லக்கா. லைன் சரியில்ல."

அடுத்த வார இறுதியில் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கேமரா. மேடம் அவர்களைக் கம்பிவலைக்கு அழைத்துவந்தார். உள்ளே சின்னவள் தரையில் உட்கார்ந்து குட்டிக்குப் புட்டியைப் பிடித்திருந்தாள். ஒரு பெண்மணி பலகையைச் சத்தமாகப் படித்தாள். உச்சுக்கொட்டினாள். பிறகு குனிந்து கேட்டாள்.

"ஏம்மா, பெத்த தாய் எப்படி விட்டுட்டுப் போகும்?"

சின்னவள் சொன்னாள்.

"என்ன? கேக்கலைம்மா."

தொடையில் கிள்ள அக்கா பக்கத்தில் இல்லை. இருந்தும் குரல் வந்தது. கம்பிவலைக்கு அப்பால், வேனுக்கு அப்பால், பல் குத்திக்கொண்டிருந்த டிரைவர் கையை இறக்கித் திரும்பிப் பார்க்குமளவு வந்தது.

"அது விட்டுட்டுப் போகலை! நாங்கதான் கூண்டு வெச்சுப் பிடிச்சு அனுப்பிட்டோம்! பால் இருக்குன்னு தெரிஞ்சேதான் அனுப்பினோம்!"

குட்டி திடுக்கிட்டுப் புட்டியை விட்டது. மேடத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்துபோன மாதிரி. எல்லாரும் கேட்டுவிட்டார்கள். சின்னவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று இருந்தது.

"ஐயோ, பாவமே!" என்றாள் அந்தப் பெண்மணி. கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி, கண்ணோரத்தைக்கூட ஒற்றிக்கொண்டாள். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினாள். "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"தாராளமா" என்றார் மேடம்.

குட்டி மறுபடி புட்டியைத் தேடி அவள் மணிக்கட்டைப் பற்றியது. பாதிப் பால் இன்னும் இருந்தது. எழுந்து போனால் பட்டினி கிடக்கும். சின்னவள் எழவில்லை.

"கொஞ்சம் இந்தப் பக்கமாத் திருப்பும்மா" என்றாள் பெண்மணி, செல்போனை உயர்த்தி. "அந்தப் பக்கம் நிழல் அடிக்குது."

அவள் திருப்பினாள். குட்டியின் ஒரு பக்கம் படத்தில் விழுந்தது.